ஆகாய விமானம் தரையிறங்கும் வகை

"ஏறத் தெரிந்த பிள்ளைக்கு இறங்கத் தெரியவில்லையா?" என்று சென்ற கோடை விடுமுறையில் எம் மாமா ஒரு வினாவை எழுப்பினார். வினவப்பட்டவர் எம் பெரியம்மாள் மகனார். அவர் தொலைவிலுள்ள ஒரு பயிற்சிப் பள்ளியிலே விமானமோட்டப் பயிலும் மாணாக்கர். ஆசிரியர் உடனின்றித் தனியே பறக்க உத்தரவு பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஒரு நாட்காலை அவர் செலுத்திய சிறு விமானம் ஓடுபாதையில் விழுந்து துள்ளி, மீண்டும் விழுந்து, முன்சக்கரம் ஒடிந்து, மூக்குத் தரையில் உராய நின்றுவிட்டது. அவர் உடலில் ஒரு கீறலும் இல்லை. ஆயினும் தரங்கம்பாடிக்குத் திரும்பியவர் நான்கு நாள்வரை எவரோடும் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவர் கல்விக்கென ஒரு வேலி நஞ்செய் ஒற்றியில் இருக்கிறதென்பது எம் குடும்பத்தார் அனைவரும் அறிந்தது.

மாமா ஏளனமாகக் கேட்டாரல்லர். மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார். அன்று ஒருவரும் விடை கூறினோமில்லை. பின்னர் அண்ணனாரிடம் கேட்டறிந்தவற்றையும், நூல்களிற் கண்டவற்றையுங் கொண்டு அவ்வினாவுக்கு ஈண்டு விடை எழுதப் புகுகின்றோம். தமிழ் பயில்வோர்க்கு விமானத்தில் என்ன வேலை என்று நகைக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

விமானம் ஏறுவது பெரும்பாலும் பொறியின் செயல். ஓடுபாதை நேரே கிடக்கிறது. பொறியை முழுவிசையில் முடுக்கினால் வேகம் தானே வளருகிறது. போதிய வேகம் வந்ததும் கைப்பிடியைச் சற்றே தன்பால் இழுத்தால் விமானம் மண்ணைவிட்டு நீங்குகிறது. அதன்பின் ஒவ்வொரு நொடியும் நிலம் விலகிச் செல்லும். இறங்குதலோ இதற்கு மாறாக, ஒவ்வொரு நொடியும் நிலம் நெருங்கிவரும் செயல். தாங்குதற்குப் போதிய வேகத்தோடு நிலத்தை நெருங்கவேண்டும். நெருங்கியபின் அவ்வேகத்தை இழக்கவேண்டும். சக்கரத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது, அதற்கு முன்னுமன்றிப் பின்னுமன்றி, இறக்கை தன் தாங்குந் திறனைக் கைவிடவேண்டும்.

பயிற்சிப் பள்ளிகளிற் பெரிதும் வழங்கும் செஸ்னா 172 என்னும் விமானத்தையே சான்றாகக் கொள்வோம். 1955-ஆம் ஆண்டில் முதன்முதற் பறந்த இவ்வகையில் இதுவரை நாற்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டுள்ளன. உலகில் வேறெவ்வகை விமானமும் இத்துணைப் பெருந்தொகையிற் செய்யப்பட்டதில்லை. நால்வர் அமரலாம், இறக்கை ஒரு முனையினின்று மறுமுனைவரை 36 அடி. இது தரையை நோக்கி வருங்கால் ஏறக்குறைய 65 நாட் வேகத்தில் வரும். அஃதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். இறக்கையின் பின்விளிம்பிலுள்ள பிளாப் என்னும் மடிப்புக்களை முழுதுந் தாழ்த்திய நிலையில், கருவி காட்டும் வேகம் 40 நாட் அளவிற்குக் குறையும்போது இறக்கை தாங்கமாட்டாது கைவிடும். இதனை விமானிகள் ஸ்டால் என்பர். பொறி நின்றுபோதல் என்று பலர் தவறாகக் கருதுகின்றனர். பொறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் மிகுந்துபோக, அதன்மேல் வழுவழுப்பாக ஓடிய காற்று சிதறிவிடுவதே ஸ்டால்.

ஆகவே மாணவன் செய்யவேண்டுவது, இவ்விரு வேகங்களுக்கும் இடைப்பட்டதைச் சில நொடிகளிற் செலவழித்தலாம். சிறிது மிகையான வேகத்தோடு வந்தால் என்ன கேடு என்று தோன்றும். வேகத்திற் சிறிது ஏறினும் ஆற்றலிற் பெரிது ஏறும் என்பது கணக்கு. அறுபது நாட் வேகத்தில் வரவேண்டியவன் எழுபதில் வந்தானாயின், வேகம் ஆறிலொரு பங்கு மிகுந்தது. விமானம் சுமந்துவரும் ஆற்றலோ மூன்றிலொரு பங்குக்கும் மேலாக மிகுந்துவிட்டது. அம்மிகை எங்கேனும் கழிந்தே தீரவேண்டும். விமானம் தரைமீது ஓரிறக்கையகல உயரத்திற்குள் வந்ததும், தனக்கும் நிலத்துக்கும் இடையே மெத்தையிட்டாற்போன்ற காற்றின்மேல் மிதக்கத் தொடங்கும். வேகம் மிகுந்து வந்த விமானம் அம்மெத்தையின்மேல் இறங்க மறுத்து நெடுந்தூரம் மிதந்து செல்லும். ஓடுபாதை கழிந்துகொண்டே இருக்கும். மாணவன் நெஞ்சு பதைக்கத் தொடங்குவது இங்கேதான்.

நம் நாட்டு வயல்வரப்பிலே கொக்கு வந்து அமர்வதை நேயர்கள் பலகாலும் கண்டிருப்பீர்கள். அது காற்றுக்கு எதிர்முகமாகவே வரும். காற்றின் போக்கில் வந்து அமரும் கொக்கை யாம் கண்டதில்லை. எதிர்க்காற்றின் வேகம் எவ்வளவோ அவ்வளவு தரைமீது செல்லும் வேகம் குறையுமாதலின், விமானமும் அவ்வாறே இறங்குகிறது. வரப்பை அணுகியதும் கொக்கு தன் மார்பை நிமிர்த்தி, இறகுகளை அகல விரித்துக் காற்றுக்கு மறிப்பாகக் காட்டுகிறது. வேகம் அற்றுப்போகிறது; கால்கள் வரப்பைத் தொடுகின்றன. விமானி பத்து இருபது அடி உயரத்தில், ஏறக்குறைய ஒரு கூரைவீட்டின் உயரத்தில், கைப்பிடியை மெல்ல மெல்லத் தன்பால் இழுத்து மூக்கை நிமிர்த்துவதும் இதுவே. பிளேர் என்று இதனை அழைப்பர். உயரத்திற் செய்துவிட்டால் விமானம் தாங்கலற்றுத் தொப்பென விழும். காலந்தாழ்த்தால் சாய்ந்த மூக்கோடு நிலத்தில் மோதும். கொக்குக்கு இவ்வளவை யார் கற்பித்தாரோ! மாணவன் நூறு முறை செய்து கற்கவேண்டியிருக்கிறது.

இத்தொழிலில் கையினும் கண்ணே முதன்மையானது என்று அண்ணனார் கூறினார். புதியவன் தனக்கு நேர்முன்னே கிடக்கும் நிலத்தையே பார்ப்பான். அஃது ஓடி மறையும் வேகத்தில் உயரம் புலப்படாது. ஓடுபாதையின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தால், கடைக்கண்ணில் நிலம் விரிந்தெழும் தோற்றத்தால் உயரம் தானே புலனாகும். மழைநாளில் வழுக்கும் வரப்பின்மேல் நடப்பவன் தன் பாதத்தைப் பாராது முன்னே நோக்கி நடப்பதனை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். கண் ஏமாற்றுவதும் உண்டு. பழகியதினும் குறுகிய ஓடுபாதையைக் கண்டால், தான் உயரத்தில் இருப்பதாக எண்ணி விமானி மிகத் தாழ்ந்து வருவான். அகன்ற பாதையைக் கண்டால் தாழ்ந்திருப்பதாக மயங்கி, முன்னரே மூக்கை நிமிர்த்திவிடுவான். ஒரே தளத்திற் பயின்று வேறொரு தளத்துக்குச் செல்லும் மாணவர்க்கு இம்மயக்கம் பெரிதும் நேருமாம்.

நிற்க. அண்ணனாருக்கு நேர்ந்தது யாது? அன்று அவர் ஐந்தாறு நாட் வேகம் மிகுந்து வந்தார். விமானம் மிதந்தது. இறங்காமையால் பொறுமையிழந்து கைப்பிடியைச் சிறிது முன்னே தள்ளினார். பின்சக்கரங்கள் இரண்டும் முதலில் தொடவேண்டியிருக்க, முன்சக்கரம் முதலில் தொட்டது. தொட்ட வேகத்தில் மூக்கு மேலே எறியப்பட்டது. மூக்கு உயரவே இறக்கையின் கோணம் மிகுந்து விமானம் மறுபடியும் எழுந்தது. எழுந்ததைக் கண்டு அஞ்சி மூக்கைத் தாழ்த்தினார். அவர் கை தாழ்த்திய வேளையில் விமானம் தானாகவே தாழத் தொடங்கியிருந்தது. ஆகவே இரண்டாம் முறை முன்னிலும் வலிதாக முன்சக்கரம் மோதிற்று. முன்னிலும் உயரமாக எழுந்தது. மூன்றாம் முறை சக்கரத்தின் கால் ஒடிந்தது. கடலில் ஓங்கில் மீன் முழுகி எழுந்து முழுகி எழுந்து செல்வதை நம் மீனவர் அறிவர். அதன் பெயரையே ஆங்கிலேயர் இத்துள்ளலுக்கு இட்டிருக்கின்றனர்.

இங்கு யாம் வற்புறுத்த விரும்புவது ஒன்று. முதல் துள்ளலினால் விமானம் ஒடிவது அரிது. இரண்டாவதும் மூன்றாவதுமே ஒடிக்கின்றன. அவை மாணவன் தன் முதற்பிழையைத் திருத்த முயன்றதனால் விளைந்தவை. கை பின்தங்குகிறது, விமானம் முந்துகிறது, அவன் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் ஒரு நொடி காலந்தாழ்ந்து, மருந்தாகவேண்டியது நஞ்சாகிவிடுகிறது. துள்ளியதும் கைப்பிடியைத் தள்ளாது பிடித்துக்கொண்டு, பொறியை முழுவிசையில் முடுக்கி, மீண்டும் வானிலேறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குதலே முறை. அண்ணனார் இதனை அறியாதவரல்லர். தேர்வில் எழுதியிருக்கிறார், ஆசிரியரோடு பலமுறை செய்துமிருக்கிறார்.

"பிறகு ஏன் செய்யவில்லை, அண்ணா?" என்று கேட்டோம்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீழே என் வகுப்பார் ஐந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், தம்பி" என்றார்.

முன்சக்கரத்தின் கால் பின்சக்கரக் கால்களைப்போல வலியதன்று. பாரம் முழுவதையும் பின்கால்கள் தாங்க, அது தரையில் ஓடும்போது திசைதிருப்பவே பெரிதும் அமைந்தது. அது மடிந்தால் முன்னே சுழலும் விசிறி தரையில் அடிபட்டு வளையும். விசிறியை மாற்றிவிட்டாற் போதுமென்று கருதற்க. சுழன்றுகொண்டிருந்தது ஒரு கணத்தில் தடைப்பட்டமையால் உள்ளே சுழல்தண்டு பழுதுற்றிருக்கலாம். ஆதலின் பொறி முழுவதையும் பிரித்துச் சோதிக்கவேண்டும். பார்வைக்குச் சிறு விபத்தாயினும் செலவு பெரிதாவது இதனால்தான். பழைய விமானங்களில் முன்சக்கரம் இல்லை. வாலின்கீழ்ச் சிறு சக்கரமோ கட்டையோ இருக்கும். 1935 நவம்பர் 27-இல் இலங்கை இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய பஸ் மாத் விமானமும் அத்தகையது. அதனைச் சென்னையினின்று ஓட்டிச் சென்றவர் சென்னை விமானக் கழகத்தின் தலைமை ஆசிரியர் டிண்டேல் பிஸ்கோ. அவ்வகை விமானங்களுக்கு வேறொரு தீக்குணம் உண்டு. பாரம் பின்சாய்ந்திருப்பதனால், தரைதொட்டபின் சிறிது கோணினாலும் வால் முன்னேவர முயன்று, விமானம் பம்பரம்போற் சுழன்றுவிடும். முன்சக்கரம் வந்தபின் அத்தொல்லை பெரிதுங் குறைந்தது, துள்ளல் நிலைத்துவிட்டது.

விமானம் ஓட்டிய மாணவருள் முதல்வர் யாவர் எனின், ஆசிரியரின்றிப் பயின்ற ரைட் சகோதரரே. அவர்கள் வரலாற்றை ஏற்றத்தின் வரலாறாகவே படிக்கிறோம். இறக்கத்தின் வரலாறாகவும் படிக்கலாம். 1903 டிசம்பர் 14-இல் காசு சுண்டிப் பார்த்து வென்ற வில்பர் முதலில் ஏறினார். மூக்கை மிகுதியாக நிமிர்த்தியமையால் மூன்றரை நொடியில் விமானம் தாங்கலற்று மணலில் வீழ்ந்து பழுதுற்றது. பழுது நீக்கி மூன்று நாள் கழித்து, 17-ஆம் நாள் நான்கு முறை பறந்தனர். ஆர்வில் பறந்த முதல் முறை 12 நொடி, 120 அடி. உலகம் நினைவில் வைத்திருப்பது இதனை. வில்பர் பறந்த நான்காம் முறையோ 59 நொடி, 852 அடி. அதன் முடிவில் விமானம் மேலுங்கீழுமாக அலைவுற்றுத் தரையில் மோத, முன்புறத்துச் சுக்கானின் தாங்கிகள் முறிந்தன. சிறிது நேரத்தில் வீசிய ஒரு சுழல்காற்று அதனைப் புரட்டி எறிய, அவ்விமானம் பின்னொருபோதும் பறக்கவில்லை. அண்ணனாருக்கு இதனைக் கூறியபோது அன்றைக்கு முதன்முறையாக முறுவலித்தார்.

இதுகாறும் கூறியது ஓடுபாதையில் நேரும் பிழை. பொறி பழுதுற்று, ஓடுபாதை இல்லாத இடத்தில் இறங்க நேரின் அது வேறொரு கதை. நமக்கு அண்மையிலேயே, 2025 நவம்பரில், சேலத்துப் பயிற்சி நிறுவனமொன்றின் சிறு விமானம் திருச்சி-புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கியதைச் செய்தித்தாள்களிற் கண்டிருப்பீர்கள். இருவர் இருந்தனர், இருவரும் நலமே தப்பினர். விமானத்தின் முன்பகுதி பழுதுற்றது. அதனைச் சுற்றி மக்கள் கூடி நின்ற படத்தைப் பார்த்தோர் பலர். வாகனங்கள் ஓடும் சாலையிலே அவர்கள் எவ்வாறு இடங்கண்டு இறங்கினர் என்பதைச் சிந்தித்தோர் சிலரே ஆவர். 2022 ஜூலை 25-இல் மகாராட்டிரத்தில் பாராமதிப் பயிற்சிப் பள்ளி விமானமொன்று, தனியே பயணஞ்செய்த ஒரு மாணவியோடு, இந்தாபூர் வட்டத்தில் வயலில் வீழ்ந்தது. விமானம் சிதைந்தது, மாணவி சிறு காயங்களோடு உயிர்தப்பினார்.

பொறி நின்றாலும் விமானம் கல்லைப்போல் விழுவதில்லை. செஸ்னா 172 ஒரு பங்கு தாழ்வதற்குள் ஒன்பது பங்கு முன்னே செல்லவல்லது. மூவாயிரம் அடி உயரத்தில் பொறி நின்றால் எட்டுக் கிலோமீட்டர் அளவு சறுக்கிச் செல்லலாம். அதற்குள் இடம் தேர்ந்துகொள்ளவேண்டும். நம் காவிரிநாட்டின்மேல் பறப்பவனுக்கு எங்கும் சமநிலமாகவே தோன்றும். மேலிருந்து பார்க்கப் பச்சைப் பாய் விரித்தாற்போலிருக்கும் சம்பா வயலில் இறங்கினால், சேற்றில் முன்சக்கரம் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழும். அறுவடை முடிந்து மாசியிலே காய்ந்து கிடக்கும் தரிசு நன்று. ஆங்கும் வரப்புக்குக் குறுக்கே இறங்காது, நெடுக்கே இறங்கவேண்டும். கடற்கரை அகன்றதாயினும் கரையோரத்து ஈரமணல் இறுகியது. மேற்பட்ட உலர்மணல் சக்கரத்தை விழுங்கிவிடும். இவையெல்லாம் அண்ணனாரும் யாமுமாகத் தரங்கம்பாடியில் நடந்து நடந்து ஆராய்ந்தவை. உழவரைக் கேட்டால் நம்மினும் நன்றாகச் சொல்லுவர்.

பதற்றமின்றி இறங்கியதற்கும் ஒரு சான்று கூறுவோம். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்திலே பெவர்லி என்னும் தளத்தினின்று, பதினேழு வயது மாணவியொருத்தி தனியே தொலைப்பயணம் செய்யப் புறப்பட்டாள். அத்தகைய பயணம் அவளுக்கு அதுவே முதல். ஏறுங்காலே வலப்புறத்துச் சக்கரம் கழன்று விழுந்துவிட்டது. அவளுக்குத் தெரியாது, பிற விமானி ஒருவர் கண்டு வானொலியில் அறிவித்தார். அவள் வானிற் சுற்றிக்கொண்டிருக்க, அவள் ஆசிரியர் தரையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். இடச்சக்கரத்தை முதலில் தொடவிட்டு, வேகம் அற்றபின் வலப்புறத்தைத் தாழவிட்டு இறங்கினாள். அவளுக்கு ஊறு ஒன்றுமில்லை. அவர்களுடைய உரையாடல் ஒலிப்பதிவாக உலகெங்கும் பரவியது. அதனை யாமும் கேட்டோம். அவள் குரல் ஓரிடத்தில் நடுங்குகிறது. ஆசிரியர் குரல் கடைசிவரை மாறவேயில்லை.

சட்டத்தைப் பற்றியும் சிறிது. நம் நாட்டில் பதினாறு வயதில் மாணவ விமானி உரிமம் பெறலாம். ஊதியத்திற்கு ஓட்டும் உரிமத்திற்குப் பதினெட்டு வயதும் இருநூறு மணிநேரப் பறப்பும் வேண்டும். விபத்து நேர்ந்தால் அதனை ஆராயவென்றே 2012-ஆம் ஆண்டில் அரசாங்கம் தனிப் பிரிவொன்றை அமைத்தது. உலகநாடுகள் ஒப்புக்கொண்ட விதியின்படி அவ்வாராய்ச்சியின் நோக்கம் மறுபடி நேராது காத்தலே, பழி சுமத்துதலன்று. எழுத்தில் அப்படி இருக்கிறது. ஐந்து வகுப்பார் நின்று பார்க்கும் களத்திலே அவ்வெழுத்து எவ்வளவு செல்லும் என்பது வேறு.

தரங்கம்பாடிக் கடலோரத்தில், டேனியர் 1620-ஆம் ஆண்டில் எடுக்கத் தொடங்கிய கோட்டையின் அண்டையில் நின்றால், படகுகள் கரைசேர்வதைக் காணலாம். முன்னாளிற் கட்டுமரம், இந்நாளிற் பெரும்பாலும் மோட்டார் பூட்டிய பைபர் படகு. அலை உடையும் வரிசைக்கு அப்பால் படகு நின்றுவிடும். பின்வரும் அலைகளைத் திரும்பிப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்து, ஒரு பேரலை கடந்த தணிவிலே உள்ளே நுழைவர். நுழைந்தபின் பின்னொரு அலை தவறான வேளையில் எழக் கண்டால், உடனே படகைத் திருப்பி மீண்டும் அப்பாற் சென்றுவிடுவர். கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "இப்படித் திரும்பிப் போவதைக் கண்டு யாரும் சிரிக்கமாட்டார்களா, ஐயா?" என்று கேட்டோம். எம் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதும் விளங்கவில்லை. அண்ணனார் எம் கையைப் பற்றி, "போதும், வா" என்றார்.

ஆனி மாதத்தில் அவர் பள்ளிக்குத் திரும்பினார். சில வாரம் ஆசிரியரை உடன்கொண்டே பறந்து, பின் மறுபடியும் தனியே பறக்க உத்தரவு பெற்றார். அன்றிரவு தொலைபேசியில் அவர் கூறிய செய்தி இது: காலையில் எட்டு முறை இறங்கினேன், இரண்டு முறை இறங்காமலே எழுந்துவிட்டேன்.

மாமாவிடம் இதனைத் தெரிவித்தோம். "அந்த இரண்டு ஏன்?" என்று கேட்டார். அவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். படகுகள் வரும் நேரமாயிருந்தது.